கதவு காட்டிக் கொடுத்துவிடும்!



அவசரமாகப் பள்ளிக்குக் கிளம்பும்போது, சட்டையின் முதல் பொத்தானைத் தவறான ஓட்டையில் மாட்டியிருக்கிறீர்களா? உடனே தவறு தெரியாது. கடைசிப் பொத்தானுக்கு வரும்போதுதான் ஒரு பக்கம் மேலே ஏறி, மறுபக்கம் கீழே தொங்குவது தெரியும். சட்டை என்பதால் பிழைத்தோம். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட்டுக்கொள்ளலாம். அதுவே பொத்தானுக்குப் பதிலாக உருக்கி ஒட்டிய இரும்பாக இருந்தால்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் துருப்பிடித்த தகடுகளை நீக்கிவிட்டுப் புதுத் தகடு பொருத்துகிறவர்களுக்கு, இந்தப் பயம் எப்போதும் உண்டு. முதலில் செய்த சின்னத் தவறு, கடைசியில் கதவைச் சாத்தும்போதுதான் தெரியும். அதற்குள் வெல்டிங் எல்லாம் முடிந்திருக்கும்! அந்தத் தவறு வராமல் அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்ப்போமா? அதற்கு நாம் இங்கிலாந்து வரை போய் வர வேண்டும்.

ஆபிங்டனில் பிறந்த கார்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மோரிஸ் என்பவர், 'மோரிஸ் காரேஜஸ்' என்ற பெயரில் வாகன விற்பனை நிலையம் நடத்தி வந்தார். 1920களில் அதன் மேலாளராக இருந்தவர் செசில் கிம்பர். சாதாரண மோரிஸ் கார்களை எடுத்து, அவற்றுக்கு அழகான, மிடுக்கான உடலைக் கட்டி விற்றார் அவர். மோரிஸ் காரேஜஸ் என்பதன் முதல் எழுத்துகளே 'எம்.ஜி.' என்ற புகழ்பெற்ற பெயராயின. எட்டுப் பக்கம் கொண்ட எண்கோணத்துக்குள் இந்த இரண்டு எழுத்துகளும் இருப்பதுதான் அதன் முத்திரை. பிற்பாடு, ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் என்ற ஊரில் எம்.ஜி. தொழிற்சாலை அமைந்தது.

அங்கே 1962ம் ஆண்டு வெளிவந்த கார்தான், 'எம்.ஜி.பி.' மேலே கூரை கிடையாது. மழை வந்தால் துணிக்கூரையை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். 1,798 கன சென்டிமீட்டர் என்ஜின். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டிப் போகும். இரும்புக் கூரை வைத்த 'ஜி.டி.' என்ற வகை, 1965ல் வந்தது. 1980 அக்டோபரில் உற்பத்தி நிற்கும் வரை, 5 லட்சத்துக்கும் அதிகமான எம்.ஜி.பி. கார்கள் தயாராயின. அவற்றில் பெரும்பாலானவை கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. அதன்பின் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது.

தொழிற்சாலை மூடினாலும் கார்கள் மறையவில்லை. இன்றும் பல நாடுகளில் ஆர்வலர்கள் அவற்றைப் பாதுகாத்து ஓட்டி வருகின்றனர். ஆனால், 40, 50 வயதான அந்தக் கார்களுக்கு ஒரு பெரிய எதிரி உண்டு. அது துரு!

நண்டு மாதிரி ஒரு கார்

மனிதனுக்கு எலும்புக்கூடு உள்ளே இருக்கிறது. நண்டுக்கு? அதன் கெட்டியான ஓடுதான் எலும்புக்கூடு. கார்களிலும் இந்த இரண்டு வகை உண்டு.

எம்.ஜி.பி.க்கு முன் வந்த 'எம்.ஜி.ஏ.' காரில், அடியில் தனியாக ஒரு கனமான இரும்புச் சட்டம் இருந்தது. அதன் மேல்தான் உடலைப் பொருத்தினார்கள். எம்.ஜி.பி.யில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. வளைத்து மடித்த மெல்லிய தகடுகளை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து, ஒரே கூடாக ஆக்கினர். அந்தக் கூடே காரின் எடையையும், என்ஜினையும், பயணிகளையும் தாங்க வேண்டும். நண்டு மாதிரிதான்!

இத்தனையும் தாங்கும் அந்தத் தகட்டின் கனம் எவ்வளவு தெரியுமா? உடலின் வெளித்தகடுகள் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு!

கூரை உள்ள காரில், மேலே கூரையும் பாரத்தைப் பங்கு போட்டுக் கொள்ளும். திறந்த காருக்கு அந்த வசதி இல்லை. அதனால், கதவுக்குக் கீழே இரு பக்கமும் நீளமாக ஓடும் ஒரு பகுதிதான் பெரும் சுமையைத் தாங்குகிறது. ஆங்கிலத்தில் அதை 'ஸில்' என்பர். நம் வீட்டு வாசலில் கால் வைக்காதே என்று பாட்டி சொல்வாரே, அந்த நிலைப்படிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். நாமும் இதை நிலைப்படி என்றே அழைப்போம்.

வெளியிலிருந்து பார்த்தால், அது ஒரே ஒரு தகடு போலத்தான் தெரியும். உள்ளே போனால் வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு தடுப்புத் தகடு, அடியில் 'கேசில்' எனப்படும் மடிப்புத் தகடு என்று நான்கு உறுப்புகள் இருக்கும். எல்லாம் சேர்ந்து நீளமான பெட்டி ஆகிவிடுகின்றன. தட்டைத் தகடு எளிதில் வளையும். பெட்டியாக மடித்த தகடு அவ்வளவு எளிதில் வளையாது. இதுதான் அதன் ரகசியம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு காலி செருப்புப் பெட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். மூடி வேண்டாம். இதுதான் கூரையில்லாத கார். நீளமான இரு பக்கச் சுவர்களிலும் நடுவில், ஒரு சாண் அகலத்துக்கு மேலிருந்து கீழாக வெட்டுங்கள். அடிவரை வெட்டாமல், இரண்டு விரல் உயரம் விட்டுவிடுங்கள். இதுதான் கதவு வாசல். மிச்சம் இருக்கும் அந்த இரண்டு விரல் உயரம்தான் நிலைப்படி.

இப்போது பெட்டியின் முன் முனையை ஒரு புத்தக அடுக்கின் மீதும், பின் முனையை இன்னொன்றின் மீதும் வையுங்கள். பெட்டியின் நடுவில் ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். வாசலைக் கவனியுங்கள். பெட்டி நடுவில் தொய்கிறது. வாசலின் மேல்பக்கம் குறுகுகிறது அல்லவா? உண்மையான காராக இருந்தால் கதவு சிக்கிக்கொள்ளும்!

அடுத்து, இரண்டு காலி பற்பசை அட்டைப் பெட்டிகளை எடுத்து, வாசலின் அடியில் உள்பக்கமாக, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டுங்கள். பசை காய்ந்தபின், மறுபடியும் அதே புத்தகத்தை வைத்துப் பாருங்கள். தொய்வு வெகுவாகக் குறைந்திருக்கும். பற்பசைப் பெட்டி செய்த வேலையைத்தான், எம்.ஜி.பி.யில் நிலைப்படி செய்கிறது.

உள்ளே இருந்து வரும் எதிரி

இரும்பும், தண்ணீரும், காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு உண்டாகும். இது உங்கள் அறிவியல் பாடத்தில் வருவதுதான். உப்பும் கூடவே இருந்தால், துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறைந்து வழுக்காமல் இருக்க, உப்பைத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீரைச் சக்கரங்கள் வாரி வாரி, முன் மட்கார்டுக்குள் அடிக்கும்.

எம்.ஜி.பி.யின் முன் மட்கார்டுக்குள், சேறு வராமல் தடுக்க ஒரு தடுப்புத் தகடு உண்டு. அதன் ஓரத்தில் உள்ள ரப்பர் வயதாகிக் கெட்டுவிட்டால், சேறு உள்ளே நுழைந்து, நிலைப்படியின் முனையில் தங்கிவிடும். ஈரச்சேறு மாதக்கணக்கில் காயாது. துருவுக்கு விருந்துதான்!

துரு வந்த இடத்தில் இரும்பு அதிக இடத்தை அடைத்துக்கொண்டு உப்பும். அதனால் ஒட்டியிருக்கும் இரண்டு தகடுகளையே அது பிளந்துவிடும். வெளியே பெயின்ட்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறதா? 'இவ்வளவுதானே' என்று நினைக்கக் கூடாது. துரு உள்ளேயிருந்து வெளியே வந்திருக்கலாம். அப்படியானால் உள்ளே பாதி தகடு ஏற்கனவே போயிருக்கும்!

பழைய அச்சு, புதுத் தகடு

அப்படியானால் மாற்றுத் தகடு எங்கே கிடைக்கும்? கார் செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டனவே!

தகடுகளைச் செய்யப் பெரிய இரும்பு அச்சுகள் தேவை. அதிரசம் தட்டுவது போல, ஒரு அச்சுக்கும் இன்னொரு அச்சுக்கும் நடுவே தட்டைத் தகட்டை வைத்து, ராட்சத பிரஸ் இயந்திரம் அழுத்தும். எடுத்தால், வளைவுகளோடு மட்கார்டு தயார்! இந்த அச்சுகளை உருவாக்க ஏராளமாகச் செலவாகும். எனவே, பழைய அச்சுகள் அழிந்துபோனால், அந்தக் காரின் கதையும் முடிந்த மாதிரிதான்.

எம்.ஜி.பி.க்கு அதிர்ஷ்டம் இருந்தது. 'பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ்' என்ற நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடித் திரட்டி, 1988ல் எம்.ஜி.பி.யின் முழு உடலையே மறுபடி செய்து விற்கத் தொடங்கியது. உற்பத்தி நின்று எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே கார் உடல் மறுபிறவி எடுத்தது! அந்த உடலை அடிப்படையாக வைத்து, 1992ல் 'ஆர்.வி.8' என்ற புது எம்.ஜி. காரே வந்தது.

முழு உடலும் வேண்டாம், கெட்டுப்போன பகுதி மட்டும் போதும் என்பவர்களுக்கு மட்கார்டு, நிலைப்படி, கதவின் வெளித்தோல் என்று தனித்தனியாகவும் தகடுகள் கிடைக்கின்றன.

'அதே அச்சில் செய்த தகடு என்றால், அப்படியே கச்சிதமாகப் பொருந்திவிடுமே, இதில் என்ன கஷ்டம்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! தகடு புதிது, கார் பழையது அல்லவா? 50 ஆண்டுகளில் அது எத்தனை பள்ளங்களில் குதித்ததோ, எங்கே இடித்துக்கொண்டதோ, யார் எப்படிப் பழுது பார்த்தார்களோ! போதாததற்கு, நெடுங்காலம் உழைத்த அச்சுகளும் தேயும். கடையில் வாங்கிய சட்டையை நம் அளவுக்குத் தையற்காரர் பிடித்துத் தருவது போல, இதையும் அந்தக் காருக்கென்றே பொருத்திப் பார்க்க வேண்டும்.

முதலில் முட்டுக்கொடு!

நிலைப்படியை வெட்டி எடுத்தால் என்ன ஆகும் என்பதைச் செருப்புப் பெட்டி சொல்லிவிட்டது. கார் நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையிலேயே புது நிலைப்படியை வெல்டிங் செய்துவிட்டால்? அந்தக் கோணல் அப்படியே நிலைத்துவிடும். பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது.

அதனால் வெட்டும் முன்பே, காரைச் சமமாகத் தூக்கி, வெறும் ஜாக்கியை நம்பாமல் உறுதியான தாங்கிகளில் நிறுத்துவார்கள். கதவு வாசலின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே, இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்து, தற்காலிகமாகப் பற்றவைப்பார்கள். கட்டடம் கட்டும்போது, தளத்துக்கு முட்டுக்கொடுப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது போல! ஒரே நேரத்தில் இரு பக்கத்தையும் வெட்ட மாட்டார்கள். ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகே மறுபக்கம்.

அடுத்து அளவெடுத்தல். இங்கே உங்கள் கணக்குப் பாடம் உதவிக்கு வருகிறது.

நான்கு தீக்குச்சிகளை வைத்து ஒரு சதுரம் செய்யுங்கள். அதன் ஒரு மூலையைப் பிடித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். பக்கங்களின் நீளம் மாறவில்லை. ஆனால், அது சதுரமாகவும் இல்லை! பக்கத்தை மட்டும் அளந்தால் இந்தக் கோணல் தெரியாது. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால், உடனே தெரிந்துவிடும். ஒன்று நீண்டிருக்கும், இன்னொன்று குறுகியிருக்கும்.

காரையும் இப்படித்தான் சோதிப்பார்கள். காரின் அடியில், இடதுபுறமும் வலதுபுறமும் ஒத்த இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார்கள். ஆமாம், கொத்தனார் கையில் இருக்குமே, அதே தூக்குக்குண்டுதான். அதன் முனை தொடும் இடத்தில், தரையில் சாக்பீஸால் புள்ளி வைப்பார்கள். முன்னிடது புள்ளியிலிருந்து பின்வலது புள்ளிக்கு ஒரு கோடு, முன்வலதிலிருந்து பின்னிடதுக்கு ஒரு கோடு. இரண்டும் ஒரே நீளமா? கார் நேராக இருக்கிறது. இல்லையா? எங்கோ முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல், ஒரு தகட்டைக்கூட வெட்டக் கூடாது.

கழற்றுவதும் ஒரு கலை

எம்.ஜி.பி.யின் முன் மட்கார்டு, போல்ட் போட்டு மாட்டியது. கழற்றிவிடலாம். என்ன, போல்ட்டுகள் சில டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பின் மட்கார்டும், நிலைப்படியும் அப்படியல்ல. அவை புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்யப்பட்டவை. இரண்டு தகடுகளைச் செம்பு முனைகளால் இறுக்கிப் பிடித்து மின்சாரம் பாய்ச்சினால், அந்தப் புள்ளியில் மட்டும் இரும்பு உருகி ஒட்டிக்கொள்ளும்.

அவற்றைப் பிரிக்க, அந்தப் புள்ளிகளைத் தேடி, டிரில்லிங் மெஷினால் மேல்தகட்டை மட்டும் துளைப்பார்கள். கொஞ்சம் அழுத்தினாலும் அடியில் உள்ள நல்ல தகடும் ஓட்டையாகிவிடும்! இன்னொரு சங்கடம்: நிலைப்படியின் பின்முனை, பின் மட்கார்டுக்கு உள்ளே போய் ஒளிந்திருக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால், மட்கார்டின் கீழ்ப்பகுதியையும் வெட்டித் திறக்க வேண்டும்.

சொத்தைப் பல்லை அடைக்கும் மருத்துவர் என்ன செய்கிறார்? சொத்தை முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, அதன் பிறகுதானே அடைக்கிறார்? இதுவும் அப்படித்தான். துரு முழுவதும் போய், பளிச்சென்று நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுக்க வேண்டும்.

ஒத்திகை, மறுபடியும் ஒத்திகை!

ஆண்டு விழா நாடகத்துக்கு எத்தனை முறை ஒத்திகை பார்ப்பீர்கள்? புதுத் தகட்டுக்கும் ஒத்திகை உண்டு. இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

புது நிலைப்படியை அதன் இடத்தில் வைத்து, இடுக்கிகளாலும் சிறிய திருகுகளாலும் தற்காலிகமாகப் பிடிப்பார்கள். வெல்டிங் கிடையாது. பிறகு கதவை மாட்டுவார்கள். கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கிறதா? அது சரியானால், முன் மட்கார்டை வைத்து, அதற்கும் கதவுக்கும் உள்ள இடைவெளி. அதுவும் சரியானால் பானெட். பின்னாலிருந்து முன்னால், இப்படி வரிசையாகப் போக வேண்டும்.

எம்.ஜி.பி.யின் பக்கவாட்டில், முன் மட்கார்டில் தொடங்கி, கதவு வழியாகப் பின் மட்கார்டு வரை, ஒரு பளபளப்பான குரோமியப் பட்டை ஓடும். மூன்று தகடுகளிலும் அது ஒரே கோடாக வர வேண்டும். ஒரு தகடு சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும், தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக்கூடக் கோடு முறிந்தது தெரிந்துவிடும்!

எல்லாம் சரி என்று தோன்றும்போது, அனுபவசாலிகள் கதவைச் சுற்றி வரும் ரப்பரையும் மாட்டிச் சாத்திப் பார்ப்பார்கள். ஏன் தெரியுமா? புது ரப்பர் கதவை வெளியே தள்ளும். ரப்பர் இல்லாதபோது கச்சிதமாக இருந்த கதவு, ரப்பர் வந்ததும் துருத்திக்கொண்டு நிற்கலாம். பெயின்ட் அடித்த பிறகு இதைக் கண்டுபிடித்து என்ன பயன்?

ஒன்று சரியில்லை என்றாலும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். திருத்தி, மறுபடி மாட்டி, மறுபடி பார்க்க வேண்டும். ஐந்து முறை, பத்து முறைகூட! பார்ப்பவருக்கு, ஒரு வேலையும் நடக்காதது போலத்தான் இருக்கும். உண்மையில், வேலையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம்

ஒத்திகை முடிந்தது. இனி அரங்கேற்றம்! உள்ளே மறையப்போகும் பகுதிகளுக்குத் துத்தநாகம் கலந்த பிரைமர் அடிப்பார்கள். பெட்ரோல் டேங்க்கையும் பேட்டரியையும் முன்பே கழற்றி, தூரத்தில் வைத்துவிடுவார்கள். கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கும்.

வெல்டிங் செய்பவர், ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை, ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போக மாட்டார். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவில் ஒரு புள்ளி என்று தாவித் தாவி வைப்பார். காரணம், வெப்பம். ஒரு மீட்டர் நீள இரும்பு 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால், ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக நீளும். வெல்டிங் செய்யும் இடத்திலோ வெப்பம் சுமார் 1,500 டிகிரி! ஒரே இடத்தில் சூடு ஏறினால், மெல்லிய தகடு அப்பளம் போல நெளிந்துவிடும். அதற்காகத்தான் இந்தப் பொறுமை. இடையிடையே கதவை மாட்டி, இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

குழந்தைகளே, எங்கே வெல்டிங் நடந்தாலும் அந்த ஒளியை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்கள் கண்ணைப் பாதிக்கும். கண்ணில் மணலைக் கொட்டியது போல வலி எடுக்கும். கவசக் கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டுமே அது வேடிக்கை!

வெல்டிங் முடிந்ததும் நிலைப்படிப் பெட்டிக்குள், மெழுகுத் திரவத்தைப் பீச்சியடிப்பார்கள். ஈரம் தகட்டைத் தொடாமல், அது காக்கும். அதன்பின் உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர், பெயின்ட். பெயின்ட் அடிக்கும் முன், கைதேர்ந்த தொழிலாளி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தகட்டைத் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் கைக்குத் தெரியும்!

பளபளப்பை நம்பாதே!

இவ்வளவு சிரமம் எதற்கு? துருப்பிடித்த நிலைப்படியின் மேலேயே, புதுத் தகட்டை மூடி ஒட்டிவிட்டால் என்ன? பட்டியைப் பூசி, வழவழவென்று தேய்த்து, பெயின்ட் அடித்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கார் கண்ணாடி போலப் பளபளக்கும். ஆனால், உள்ளே துரு தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். வாங்கியவர், தன் மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுவார். மோதல் ஏதாவது நடந்தால், காக்க வேண்டிய நிலைப்படி, நனைந்த அட்டை போல மடிந்துவிடும்.

பிரிட்டனில், 2018 மே முதல், 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத பெரும்பாலான வாகனங்களுக்கு, ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை. கடைசி எம்.ஜி.பி. 1980ல் வந்தது, எனவே எல்லா எம்.ஜி.பி.யும் 40 வயதைத் தாண்டிவிட்டன. ஆனாலும், ஓடக்கூடிய நல்ல நிலையில் வண்டியை வைத்திருப்பது, உரிமையாளரின் சட்டப்படியான கடமை. பரிசோதகர் வந்து பார்க்காவிட்டாலும், சரியாகச் செய்ய வேண்டும். தேர்வறையில் கண்காணிப்பாளர் வெளியே போயிருக்கும்போதும் நேர்மையாக எழுதுகிறீர்களே, அது போலத்தான்!

ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு: காந்தம்! மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மேல் வைத்தால், இரும்பில் ஒட்டும். பட்டியைத் தடிமனாகப் பூசியிருந்தால் ஒட்டாது, நழுவி விழும். ஆனால், உஷார்! ஆரம்ப கால எம்.ஜி.பி.யின் பானெட் அலுமினியத்தால் ஆனது. அதில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. 'ஏமாற்றுக்காரன்!' என்று கத்திவிடாதீர்கள்!

இன்னொரு சாட்சியும் உண்டு. அதுதான் கதவு. பெயின்ட் பொய் சொல்லலாம். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. மேலே குறுகி, கீழே விரிந்திருந்தால், நடுவில் தொய்ந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிடும். உள்ளே மறைந்திருக்கும் நிலைப்படியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அது அதே கார்தானா?

முடிக்கும் முன் ஒரு புதிர். நிலைப்படி புதிது, மட்கார்டு புதிது, கதவுத் தோல் புதிது. அப்படியானால் அது 1962ல் பிறந்த அதே கார்தானா, இல்லை வேறு காரா?

இது மிகப் பழைய கேள்வி. கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் மக்கள், தீசியஸ் என்ற வீரனின் கப்பலைப் பாதுகாத்து வந்தார்களாம். பலகை உளுத்துப் போகும்போதெல்லாம், எடுத்துவிட்டுப் புதுப்பலகை வைத்தார்கள். 'இது அதே கப்பலா?' என்று அறிஞர்கள் வாதம் செய்ததாகப் புளூட்டார்க் என்பவர் எழுதியிருக்கிறார். இத்தனை காலமாகியும் அந்த வாதம் முடியவில்லை! உங்கள் வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து வாதிட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், கெட்டது எது, நல்லது எது என்று பிரித்துப் பார்த்து, நல்லதில் கை வைக்காமல், கெட்டதை மட்டும் மாற்றியவர் அந்தக் காரைக் காப்பாற்றியிருக்கிறார் என்பேன். கெட்டதை மூடி மறைத்தவர், ஒரு தகட்டைக்கூட எடுத்து எறியவில்லைதான். ஆனாலும் அந்தக் காரை இழந்துவிட்டார்.

நாளை பள்ளிக்குப் போகும்போது, தெருவில் நிற்கும் ஏதாவது ஒரு காரின் கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கொஞ்சம் பாருங்கள். தொட வேண்டாம், பார்த்தால் போதும். அது மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக ஓடுகிறதா? அந்தச் சில மில்லிமீட்டருக்குப் பின்னால், எத்தனை பேர் எத்தனை முறை அளந்து பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'பதறாத காரியம் சிதறாது' என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அது போகட்டும்... இன்று உங்கள் சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா?